தறிவீடும் பள்ளிக்கூடமும்

காஞ்சிபுரத்தில் பிள்ளைகள் படித்த இடங்களைக் காலவரிசைப்படி அடுக்கினால் பள்ளிக்கூடம் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்பு கடிகை என்ற வேதக் கல்விக்கூடம் இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது, திண்ணை இருந்தது. மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீடே எல்லாமுமாக இருந்தது. நகரின் தெற்கு ஓரத்தில், வந்தவாசி சாலை பாலாற்றைக் கடக்கும் இடத்தை ஒட்டியிருக்கும் செவிலிமேட்டில் அந்த வீடு பல குடும்பங்களுக்குத் தறிவீடு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அரசு சொல்லலாமா, பெற்றோரே கற்பித்தால் ஆகாதா என்ற வழக்கு இந்த வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேலாக ஏதாவது ஒரு வடிவில் நடந்துவருகிறது. பள்ளியின் குறைகளை எடுத்துச் சொன்னவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். பள்ளிக்கு மாற்றாக அவர்கள் காட்டிய வீடுதான் சிக்கல். புத்தக அலமாரி உள்ள வீட்டையும் முதலாளியிடம் முன்பணம் வாங்கிய வீட்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டார்கள்.

கட்டாயம் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் காஞ்சி பெரிய கல்வி நகரம். கர்நாடகத்துத் தாளகுண்டா கல்வெட்டு, மயூரசர்மன் என்ற அந்தணர் வேதக் கல்வியை நிறைவுசெய்யக் காஞ்சியின் கடிகைக்கு வந்ததையும், பல்லவர் குதிரைவீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவால் படிப்பை விட்டு வாளை எடுத்ததையும் சொல்கிறது. அவரே கதம்ப அரசை நிறுவியவர். வைணவ மரபு சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் படித்த ராமானுஜர் ஆசிரியரோடு கருத்து மாறுபட்டுப் பிரிந்தார்; பிறகு திருக்கச்சி நம்பிகள் சொற்படி செவிலிமேட்டுக்கு அருகிலுள்ள சாலைக் கிணற்றிலிருந்து வரதராஜப் பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார். படிப்பை இடையில் விட்ட இருவரையும் ஊர் குறை சொல்லவில்லை. அன்று கல்வி விரும்பியவர் தேடிப் போய்ப் பெறுவது, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். தேடிப் போகும் தகுதியையே பிறப்பு முடிவுசெய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் காலத்தைப் பற்றிய கணக்கு நேராகும்.

சாதாரணக் குடும்பங்களின் கல்வியைப் பற்றி எண்களோடு பேச 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டும் அதில் உண்டு. 1826 மார்ச்சில் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் தெரியவந்தனர். பள்ளி வயதுச் சிறுவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கல்வி கிடைக்கிறது என்று மன்றோ மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டுக்கு உதவியது ஒரு விசித்திரமான எண். சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் 26,963 பேர், அதாவது அங்கே பள்ளிக்குப் போகிறவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் என்று கணக்கு வந்திருந்தது. மன்றோவுக்கே இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. ஆனாலும் உறவினரோ தனி ஆசிரியரோ பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித் தருவது நாட்டின் எந்தப் பகுதியிலும் அரிதான வழக்கமல்ல என்று அவர் எழுதினார். தமிழ்நாட்டில் வீட்டுக்கல்விக்கு அரசு ஆவணச் சான்று தேடுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

திண்ணைப் பள்ளி வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவிலான ஓர் ஏற்பாடு. ஆசிரியருக்குக் காசாகவோ நெல்லாகவோ பெற்றோர் கொடுத்தார்கள். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் பள்ளி நின்றது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்குப் போனார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, நெல்லிலக்கம், ஆத்திசூடி என்று மனப்பாடம் நீண்டது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களை நடத்தினான். தண்டனைகள் கொடியவை: கைகளை உயரே கட்டித் தொங்கவிடும் கோதண்டத்தைப் பழைய தன்வரலாறுகள் பலவும் மறக்காமல் குறிப்பிடுகின்றன. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. தலித் பிள்ளைகளுக்குத் திண்ணைக்கு அருகிலேயே இடமில்லை. 1960களில் ஆவணக் காப்பகங்களில் மன்றோவின் கணக்குகளைத் தேடி எடுத்த தரம்பால், 1983இல் ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவற்றை வெளியிட்டு, பள்ளிகளில் சூத்திரச் சாதிப் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் இருந்ததைக் காட்டினார். ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வியே இல்லை என்ற பேச்சை அந்த நூல் முறியடித்தது. எல்லாருக்கும் கல்வி இருந்தது என்று அதைக் கொண்டே நிறுவ முயல்பவர்கள் அதே அட்டவணைகளில் பெண்களுக்கான கட்டத்தைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

உலகப் பள்ளி வரலாற்றுக்கும் இந்த மணலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதை விடுதியில் 1789 முதல் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட சிறுநூல் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர்பெற்று, ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வழியாக இங்கிலாந்தெங்கும் பரவியது. பிற்காலத்துக் குறைகூறிகள் ‘தொழிற்சாலைப் பள்ளி’ என்று ஏசியதன் மூதாதைகளில் ஒன்று இப்படிச் சென்னையிலிருந்து கப்பலேறியது.

இனித் தறிவீடு. காஞ்சிப் பட்டுச்சேலையின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலும் கரையும் வேறுவேறு நிறமாக இருந்தாலும் இழையோடு இழை பின்னி, கிழித்தாலும் பிரியாதபடி சேர்ப்பதே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து வேகமாக நெய்ய முடியாது. குழித்தறியில் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த இன்னொருவர் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை. ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன்பு, பூவேலைக்கான இழைகளைத் தூக்கிவிடும் அடை முறையிலும் கூட ஆள் தேவைப்பட்டது; அதற்கும் சிறுவர்களே. ஆக, பிள்ளை தறியில் உட்கார்ந்ததைப் பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சேலையின் அமைப்பே இரண்டு பேரைக் கேட்டது, இரண்டாமவருக்குக் கூலி கொடுக்கும் நிலையில் குடும்பம் இல்லை.

அந்த வீட்டில் பாடத்திட்டமும் இருந்தது. முதலில் பாட்டியோடு உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவது. இழை எப்போது அறும் என்பதை விரல் அறிய வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஓடியாடி உதவுவது. பிறகு கரை நாடா. அதற்குப் பின் பாவை அச்சில் சேர்ப்பது, முந்தியின் பாவை உடலின் பாவோடு இணைக்கும் பிட்னி வேலை, புட்டாவுக்கு இழை எண்ணுவது. பல ஆயிரம் இழைகளை நினைவில் பிரித்து வைக்கும் இந்தக் கணக்கு எந்தப் பள்ளிப் பாடத்துக்கும் குறைந்ததல்ல. பதினாறு, பதினேழு வயதில் அவன் தனித்தறிக்கு உரியவன். தேர்வில்லை, தோல்வியில்லை, அறியாமலே கற்கும் கல்வி. வீட்டுக்கல்வியை ஆதரிப்பவர்கள் பட்டியலிடும் நன்மைகள் பலவும் இங்கே இருந்தன: பெற்றோரோடு இருத்தல், செய்து கற்றல், தன் வேகத்தில் கற்றல், கற்றதற்கு உடனே பயன்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். சேலைக்கு விலை வைப்பவர் பட்டும் ஜரிகையும் கொடுத்த முதலாளி. நெசவாளருக்குக் கிடைப்பது சேலைக் கூலி. கணக்கு நோட்டு முதலாளியிடம் இருந்தது. அதைப் படிக்கத் தறி கற்பிக்கவில்லை. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. பிள்ளையின் உழைப்பையும் நம்பியே அந்தக் கடன் வாங்கப்பட்டது. தறிவீட்டுக் கல்வியில் கற்றவனுக்கு அத்தொழிலை விட்டு வெளியேறும் வழி மட்டும் கற்றுத்தரப்படவில்லை.

வெளியேறும் வழியாகப் பள்ளிக்கூடம் வந்தது. ஜான் ஆண்டர்சன் தலைமையில் சென்னையில் வேலை தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரிகள் சில ஆண்டுகளிலேயே காஞ்சிபுரத்திலும் பள்ளி நிறுவினார்கள். அந்தப் பள்ளி இன்றும் ஆண்டர்சன் பெயரைத் தாங்குகிறது. பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளியும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. பச்சையப்பர் பள்ளியில் படித்த செங்குந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் 1909இல் இவ்வூரில் பிறந்த சி. என். அண்ணாதுரை. வீட்டு வருமானம் போதாமல் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு அவர் மீண்டும் பள்ளிக்குத் திரும்பினார். பள்ளியில் இருந்ததையும் விட்டதையும் திரும்பியதையும் எந்தச் சட்டமும் தீர்மானிக்கவில்லை. குடும்பத்தின் வரவுசெலவு தீர்மானித்தது.

கட்டாயம் என்பது ஐரோப்பியச் சரக்கு. பிரஷ்யா 1763இல் கிராமப் பள்ளிகளுக்கான ஆணையில் அதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1880இல் வந்தது. இந்தியாவில் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1906இல் தன் சமஸ்தானம் முழுவதிலும் நடைமுறைப்படுத்தினார். கோபால கிருஷ்ண கோகலே 1911இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா, பரோடாவை எடுத்துக்காட்டாக வைத்து, மிக எச்சரிக்கையாக எழுதப்பட்டது: உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் மட்டும், அதுவும் முதலில் சிறுவர்களுக்கு மட்டும். 1912 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் அது 38க்கு 13 என்ற வாக்கில் தோற்றது. பணமில்லை, மக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பவை எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்கள். பண்ணைவேலைக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமும் நிலம் உள்ளவர்களிடம் இருந்தது. கட்டாயக் கல்விக்கு அன்று எழுந்த எதிர்ப்பு குழந்தையின் சுதந்திரத்தை முன்னிட்டு எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் 1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம், நகராட்சிகளும் தாலுகா வாரியங்களும் அரசின் ஒப்புதலோடு தங்கள் எல்லைக்குள் கட்டாயத்தைக் கொண்டுவரலாம் என்று வழிவிட்டது.

அந்த ஆண்டுகளில் காஞ்சிபுரம் வழியாகப் போன ஒருவர் வீட்டுக்கல்வி வரலாற்றிலும் இடம்பெறுகிறவர். ஸ்காட்லாந்து உயிரியலாளரும் நகரத் திட்ட அறிஞருமான பாட்ரிக் கெடிஸ், ஆளுநர் பென்ட்லண்ட் அழைப்பில் 1914இல் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டதால், நண்பர்கள் அனுப்பிய படங்களை வைத்து 1915 ஜனவரியில் சென்னையில் புதிதாக ஒன்றை நடத்தினார். பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதியபோது காஞ்சியின் அகன்ற தேர்வீதிகளும் தோட்டங்களும் கோயிலைச் சுற்றிய தெரு அமைப்பும் அவரைக் கவர்ந்தன. தேர்வுக்குத் தயார்செய்யும் பள்ளிப்படிப்பைக் கடுமையாக வெறுத்தவர் கெடிஸ். தம் மூன்று பிள்ளைகளுக்கும் இளமைக் கல்வியைத் தோட்டவேலை, கைத்தொழில், இசை, ஊர் சுற்றல் வழியே வீட்டிலேயே கொடுத்தார். கையும் கண்ணும் சேர்ந்து கற்க வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்குக் காஞ்சி நெசவாளர் தெருவைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. ஆனால் கெடிஸின் பிள்ளைகள் தோட்டம் போட்டது எவருடைய கடனையும் அடைப்பதற்காக அல்ல.

காந்தியின் நிலை இன்னும் நெருக்கமானது. 1909இல் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலிலேயே கட்டாயக் கல்வி தேவையில்லை என்றார். தென்னாப்பிரிக்காவில் தம் மகன்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளுக்கும் ஆசிரியரானார். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்ததால், தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு தமிழும் கற்பித்தார். மூத்த மகன் ஹரிலால் முறையான படிப்பு கிடைக்கவில்லை என்ற மனக்குறையோடு 1911இல் இந்தியாவுக்குத் திரும்பினார். மகன்களுக்கு இந்த வருத்தம் உண்டு என்பதைக் காந்தி தன்வரலாற்றில் மறைக்கவில்லை. தம் முடிவுக்கு வருந்தவும் இல்லை. வீட்டுக்கல்வியில் தேர்வு பெற்றோருடையது, பலன் பிள்ளையுடையது என்ற குற்றச்சாட்டுக்கு இந்தியாவில் இதைவிடப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இல்லை.

பள்ளிகளும் வெற்றிக்கொடி நாட்டிக்கொண்டிருக்கவில்லை. ஹார்டாக் குழு 1929இல் அளித்த அறிக்கை, 1922-23இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஒவ்வொரு 100 சிறுவர்களில் மூன்றாண்டு கழித்து நான்காம் வகுப்பை எட்டியவர்கள் 18 பேர் என்று காட்டியது. அரைகுறையாக எழுத்துக் கற்ற பிள்ளை வேலைக்குப் போய் அதையும் மறந்தான். காந்தி 1931இல் லண்டனில் பேசும்போது பிரிட்டிஷ் ஆட்சி இந்தியக் கல்வி மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து அதை அழியவிட்டது என்று குற்றம்சாட்டியதும், அதற்கு மறுப்புத் தெரிவித்துப் பல ஆண்டுகள் அவரோடு கடிதப்போர் நடத்தியவர் அந்தக் குழுவின் தலைவர் பிலிப் ஹார்டாக்தான். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி. அதில் பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தார், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே தொழிலைக் கற்றார்கள். பின்னால் வந்த திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது பொதுவான பிழை.

பின்னால் வந்தது 1953. அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பத்தாண்டுக்குள் 14 வயதுவரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற இலக்கை வைத்திருந்தது. சென்னை மாநிலத்தில் கட்டடமும் ஆசிரியரும் பணமும் அதற்குப் போதாது. முதலமைச்சர் சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி) கண்ட வழி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துக் காலையில் ஒரு பகுதிக்கும் மாலையில் மறுபகுதிக்கும் பாடம் நடத்துவது. பள்ளியில்லாத வேளையில் பிள்ளை தந்தையின் தொழிலைக் கற்கும். பெண்பிள்ளை வீட்டுவேலை கற்கும். அதே ஆசிரியர், அதே கட்டடம், இருமடங்கு மாணவர். பள்ளி பிள்ளையை ஊரிலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிரிக்கிறது, உடலுழைப்பை இழிவாக நினைக்கக் கற்பிக்கிறது என்பது ராஜாஜியின் உண்மையான கவலை. இன்றைக்கு வீட்டுக்கல்வி பேசுகிறவர்கள் அந்த வாதத்தில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்வார்கள்.

திட்டம் நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பள்ளிகளுக்கு மட்டும். காஞ்சிபுரம் பழைய நகராட்சி. செவிலிமேடு அப்போது அதன் எல்லைக்கு வெளியே இருந்த ஊர். 2011இல்தான் நகராட்சியோடு இணைந்தது. ஆகவே ஒரே நெசவு, ஒரே முதலாளி, ஒரே சந்தை என்றிருந்தாலும், நகரத் தெருவில் பிறந்த நெசவாளர் மகனுக்கு முழுநேரப் பள்ளி என்றும், சற்றுத் தொலைவில் செவிலிமேட்டில் பிறந்தவனுக்கு அரைநேரப் பள்ளியும் மீதி நேரம் தறியும் என்றும் விதி பிரிந்தது. எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. வக்கீல் மகன் மாலையில் என்ன தொழில் கற்பான் என்று பெரியார் தொண்டர்கள் கேட்ட கேள்விக்குத் திட்டத்தில் விடையில்லை.

அண்ணாதுரை தலைமையிலான திராவிட முன்னேற்றக் கழகம் 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தத் திட்டத்தை எதிர்த்தது; ராஜாஜியின் வீட்டு முன் மறியலுக்கு ஈ. வெ. கி. சம்பத் தலைமை தாங்கினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் இதே கட்சியினர் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்று நெசவாளருக்குத் துணைநின்றார்கள். ராஜாஜியும் வேட்டி, சேலை நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று மத்திய அரசோடு வாதாடிக்கொண்டிருந்தார். தறி வாழவேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. தறிக்காரர் மகன் தறிக்காரராகவே இருக்க வேண்டுமா என்பதில்தான் பிளவு. அந்தக் கேள்விக்கு நெசவாளர் வீட்டில் பிறந்து பட்டப்படிப்பு முடித்த ஒருவர் என்ன பதில் சொல்வார் என்பதை ராஜாஜி கணித்திருக்கலாம்.

சட்டமன்றத்தில் மயிரிழை வித்தியாசத்தில் வாக்கெடுப்புகள் நடந்து, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. கல்வியாளர் பருலேகர் தலைமையிலான குழு திட்டத்தின் கருத்தை ஏற்றுக்கொண்டே அறிக்கை தந்தது. அதற்குள் அரசியல் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜ் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்படுவதாக அமைச்சர் சி. சுப்பிரமணியம் அறிவித்தார். கல்விக் கொள்கையாகப் பார்த்தால், பள்ளியின் பாடமுறை மீது ராஜாஜி வைத்த விமர்சனமும் திட்டத்தோடு சேர்ந்து புதைந்துபோனது. உழைப்பையும் பாடத்தையும் இணைப்பது பற்றித் தமிழ்நாட்டில் யார் பேசினாலும் குலக்கல்வி என்ற ஒரே சொல் வாயை அடைத்துவிடும் நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. திட்டத்தின் ஆசிரியர் அதற்கு எதிரிகளை மட்டும் குறைசொல்ல முடியாது. சொந்த அமைச்சரவையையும் கட்சியையும் கலக்காமல் அறிவித்தவர் அவரே.

காமராஜ் ஆட்சி கட்டாயத்தைவிடச் சோற்றை நம்பியது. 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கிய சத்துணவும் எந்த அபராத விதியும் செய்யாத வேலையைச் செய்தன. பிள்ளைக்கு ஒருவேளைச் சாப்பாடு என்பது ஏழை வீட்டு வரவில் ஒரு வரி. ஆனால் கரை நாடா போடும் பிள்ளையின் உழைப்பும் அதே வரவில் ஒரு வரி, பட்டுக்கு நல்ல கிராக்கி இருந்த காலங்களில் அது சோற்றைவிடப் பெரிய வரி. எனவே காஞ்சிபுரத்தில் பிள்ளைகள் சேர்ந்தார்கள், இடையில் நின்றார்கள், மீண்டும் தறிக்குப் போனார்கள்.

1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இந்த ஊரைப் பொறுத்தவரை ஒரு கதவைத் திறந்தே வைத்தது. குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் தொழிற்கூடத்துக்கும், அரசு நடத்தும் அல்லது உதவிபெறும் பள்ளிக்கும் தடை பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவு விலக்கு அளித்தது. தறி வீட்டுக்குள் இருப்பதால் எல்லாத் தறியும் குடும்பத் தொழிலே. பக்கத்து வீட்டுப் பிள்ளையும், முன்பணத்துக்கு ஈடாக வந்த பிள்ளையும் கேட்டால் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்கள் பற்றி வெளியிட்ட அறிக்கை, கர்நாடகம், வாரணாசியோடு காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், 1980களிலிருந்து இங்கே வேலை செய்த ரைட் போன்ற தொண்டு நிறுவனங்களும் தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளை இடைக்கால வகுப்புகளில் வைத்துப் பிறகு வழக்கமான பள்ளியில் சேர்த்தன. வீடு வீடாகப் போய்ப் பேசியவர்கள் எதிர்கொண்டது ஒரே கேள்வி: அவன் போய்விட்டால் கரை யார் போடுவது? கட்டாயக் கல்விக்கு எதிராகக் காஞ்சிபுரத்தில் சொல்லப்பட்ட வாதங்களில் மிக நேர்மையானது இதுவாகவே இருக்கும்.

இதே காலத்தில் மேற்கே எழுந்த விமர்சனம் வேறு மண்ணில் விளைந்தது. இவான் இல்லிச் 1971இல் எழுதிய நூல் சமுதாயத்தையே பள்ளியிலிருந்து விடுவிக்கச் சொன்னது. படிப்பைச் சான்றிதழோடு குழப்பவும், கற்பிக்கப்படாததை அறிவே அல்ல என்று நினைக்கவும் பள்ளி பழக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், பள்ளியைத் திருத்த முடியாது என்ற முடிவுக்கு வந்து, 1977இல் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்காக இதழ் தொடங்கினார். அச்சமும் மதிப்பெண்ணும் பிள்ளையின் இயல்பான ஆர்வத்தைக் கொல்கின்றன என்று அவர் சொன்னது, மாதிரித் தேர்வுகளில் மூழ்கிய தமிழ்நாட்டுப் பெற்றோருக்கும் புரியக்கூடியதே. சென்னை, கோவை, ஆரோவில், திருவண்ணாமலை வட்டாரங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கற்பிக்கும் குடும்பங்களில் இந்தக் குரல்கள் கேட்கின்றன. பெரும்பாலும் பட்டம் பெற்ற, பள்ளியை உள்ளிருந்து பார்த்து அலுத்த பெற்றோர் இவர்கள்.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளியிலோ வேறு வகையிலோ பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றது. அங்கே கட்டாயமாக்கப்பட்டது கல்வி, பள்ளியல்ல. ஜெர்மனியில் பள்ளிக்கு நேரில் போவதே கட்டாயம். அதை எதிர்த்த குடும்பத்தின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்கவில்லை. லண்டனில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பம் விரும்பினால் வீட்டில் கற்பிக்கலாம். அவர்களுடைய உறவினர் பெர்லினில் அதைச் செய்ய முடியாது.

இந்தியா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் ‘கட்டாயம்’ என்பது அரசின் கடமையாக விளக்கப்படுகிறது. பத்தாம் பிரிவு 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது, தவறினால் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டில் படித்த மாணவி ஒருவர் சார்பில் 2011இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, விரும்பி மாற்றுக்கல்வியைத் தேர்ந்த பெற்றோருக்குச் சட்டம் தடையல்ல என்று மத்திய அரசு மறுஆண்டு பிரமாணப் பத்திரம் அளித்தது. அந்த உறுதி சட்டத்தின் வாசகத்தில் ஏறவில்லை. வீட்டில் படிப்பவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வுகளையோ, தமிழ்நாட்டில் தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வையோ எழுதி மேலே போகிறார்கள்.

2012இல் செய்த திருத்தம் மட்டும் தெளிவாக ஒரு விலக்கு அளித்தது: மதரசாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. காஞ்சிபுரத்தில் இதன் பொருள் வெளிப்படையானது. பரம்பரைக் கல்வியைச் சிறுவயதிலேயே தொடங்கினால்தான் கைவரும் என்ற வாதத்தை வேத அத்யயனம் செய்யும் பிள்ளைக்காகச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதே வாதத்தைப் புட்டா போடக் கற்கும் பிள்ளைக்காக யாரும் நாடாளுமன்றத்தில் வைக்கவில்லை. வைத்திருந்தால் 1953 மீண்டும் எழுந்திருக்கும்.

நெசவாளருக்குக் கிடைத்தது 2016இன் திருத்தம். 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று முழுத்தடை விதித்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று அது சொல்கிறது. ராஜாஜியின் திட்டத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்துத் தொழிலுக்குக் கொடுத்தார்கள். இதில் பள்ளி நேரம் முழுதாக நின்று, எஞ்சியது மட்டும் தொழிலுக்கு. கைலாஷ் சத்யார்த்தி உள்ளிட்ட குழந்தை உரிமைச் செயற்பாட்டாளர்கள் இந்த விலக்கையும் எதிர்த்தார்கள், வீட்டுக்குள் நடப்பதை எந்த ஆய்வாளரும் அளக்க முடியாது என்ற பழைய காரணத்துக்காக.

2020 மார்ச்சில் தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லா வீடும் ஒரே நாளில் பள்ளியாயிற்று. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பரில்தான் திறந்தன. கைப்பேசியும் படித்த தாயும் இருந்த வீட்டில் பாடம் ஏதோ நடந்தது. மற்ற வீடுகளுக்காக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற பெயரில் தன்னார்வலர்களை மாலை வகுப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

இதற்கிடையே தறிவீட்டின் கல்வி தானாகவே நின்றுகொண்டிருந்தது. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த காலத்தில் நெசவாளர் வீட்டு இளைஞர்கள் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். தறியில் இரண்டாம் இடத்தில் இப்போது பெரும்பாலும் மனைவி உட்காருகிறார். அதற்கெனத் தனிக்கூலி கிடையாது, சேலைக் கூலியிலேயே அடங்கிவிடுகிறது. ஆள் கிடைக்காதவர்கள் கோர்வை இல்லாமல் ஒற்றை ஆள் நெய்யக்கூடிய சேலைகளுக்கு மாறிவிட்டார்கள்.